புரோக்கர் வீடு

எங்கள் ஊரில் என்னைவிடப் பணக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மாணிக்கக் கல் ஒன்று அகப்பட்டு, அடுத்த மாதமே மாடி கட்டியவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பார்த்து எனக்கு ஒரு நாளும் வயிறு எரிந்ததில்லை. அவன் குழி, அவன் அதிர்ஷ்டம். என் வயிற்றெரிச்சல் முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டவர் ஒரேயொரு மனிதர். அவருக்குச் சொந்தமாக ஒரு அடி நிலம்கூடக் கிடையாது. இரத்தினபுரியில் வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் அவர்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் ஊரில் பாதிப் பேருக்கு அது யார் என்று தெரியாது. சிங்கள ஆட்களுக்கு அவர் புரோக்கர் மாத்தயா. பள்ளிவாசல் தெருவில் புரோக்கர் அண்ணன். தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் நம் சனங்களுக்கு புரோக்கர் மாமா. என் மனைவி உட்பட.

கறுப்புக் குடை, முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிய வெள்ளைச் சாரம், எண்ணெய் வழியும் தலை. செருப்பு எப்போதும் கையில்தான் இருக்கும், காலில் இருக்காது. "தெரு எப்பிடினு காலுக்குத்தான் தெரியும் முதலாளி" என்பார். ஒரு வீட்டு வாசலுக்கு வந்ததும் குழாயடியில் கால் கழுவி, செருப்பைப் போட்டு, இரண்டடி நடந்து, படியில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவார். அந்த இரண்டடி மரியாதைக்காம். இதையெல்லாம் பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அவர் போகிற வீட்டில் எல்லாம் பெண்கள் சிரித்துக்கொண்டே முக்காலியை இழுத்துப் போடுவார்கள்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏன் எரிந்தேன் என்று விளங்காது. நான் கஹவத்தைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லய வரிசையின் கடைசி அறையில் பிறந்தவன். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. இரத்தினபுரிக் கடைத்தெருவில் மூட்டை தூக்க வந்தேன். தூக்கிய கடையிலேயே சாமான் நிறுக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஆணி, வர்ணம், தகரம் வைத்துச் சின்னதாகக் கடை போட்டேன். அந்தச் சின்னக் கடை பெரிய கடையாகி, பெரிய கடைக்குப் பக்கத்துக் கடையும் என்னுடையதாகி, என் பெயர் எழுதிய லொறிகள் பெல்மதுளைப் பாதையில் ஓடின. யாரும் கைதூக்கி விடவில்லை. என் முதுகுதான் என் முதல். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்தக் கடையில்தான் புரோக்கர் நாள்தோறும் வந்து உட்காருவார். வர்ண வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் குடையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தால், சாமான் வாங்க வருகிற ஒவ்வொருவரும் எந்தப் பக்கத்து ஆள் என்று விசாரிப்பார். அவர் விசாரித்த உடனே அங்கே ஒரு சண்டை தொடங்கும். எங்கள் ஊரில் அது அப்படித்தான். ஒரு தெருக்காரன் அடுத்த தெருவைத் திட்டாமல் ஒரு கிலோ ஆணிகூட வாங்க மாட்டான்.

"மேட்டுல இருக்கிறவனுக்குத் தண்ணியும் ஏறாது, மனுசனும் ஏற மாட்டான்" என்பான் ஆற்றோரத்துக்காரன்.

"ஆத்தோரத்து ஆளு கிட்ட வந்தா மூக்குக்கு மொதல்ல தெரிஞ்சிரும். போன வருசத்துச் சேறு இன்னும் காயல" என்பான் மேட்டு வீடொன்றின் டிரைவர்.

புதிய டவுனில் அரசாங்கக் கந்தோர் வேலைக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசுவதற்கும் விண்ணப்பம் போட வேண்டும் என்று கேலி. பள்ளிவாசல் தெருவில் ஒரு வீட்டுக் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுச் சோற்றுப் பானையில் இடிக்கும். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தான் ஹோர்ன் சத்தம் இல்லாவிட்டால் தூங்க மாட்டான். மாணிக்கக் குழிப் பக்கத்தில் குடியிருப்பவன் கட்டிலுக்கு அடியிலும் தோண்டியிருப்பான், மெதுவாக நடக்க வேண்டும்.

எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை புரோக்கர் வெற்றிலையை மடித்துக்கொண்டிருப்பார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மறுப்பார்.

"ஆத்தோரத்தைச் சொல்றீங்களே, அங்க ஒரு வீட்டுல காய்ச்சல்னா அடுத்த வீட்டுல கஞ்சி. தண்ணி வந்து வந்து அவங்களுக்கு ஒருத்தன் சாமானை ஒருத்தன் தூக்கிப் பழக்கமாயிருச்சு. புதிய டவுன்ல என்னங்க குறை? புள்ள படிக்கணும்னா அந்த அமைதி வேற எங்க கெடைக்கும்? பள்ளிவாசல் தெருவுல பொம்பளை தனியா இருக்கலாம். ஒரு சத்தம் போட்டா பத்து வீடு கேக்கும்."

"குழிப்பக்கம்?"

"குழிப்பக்கத்துல எல்லாரும் நாளைக்குப் பணக்காரன். அந்த நெனப்போட தூங்குற சனம் சண்டை போடாது."

கடை சிரிக்கும். திட்டியவனும் திட்டு வாங்கியவனும் சேர்ந்து சிரிப்பார்கள். அவர் ஒரு தெருவையும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அவருடைய குணம் முழுவதும் அதில் இருந்தது. அது தொழில் தந்திரம் என்று நான் நினைத்தேன். வீடு பிடித்துக் கொடுப்பவன் தெருவைப் பழித்தால் பிழைப்பது எப்படி? ஆனால் தந்திரம் என்றால் ஒரு நாளாவது அலுத்துப் போக வேண்டும் அல்லவா? அந்த மனிதருக்கு அலுக்கவே இல்லை.

வீடு தேடி வருபவரை அவர் நேராக வீட்டுக்குக் கூட்டிப் போக மாட்டார். முதலில் அந்தத் தெரு முனையில் இருக்கும் தேநீர்க் கடையில் உட்கார வைத்து ஒரு பிளேன் டீ வாங்கிக் கொடுப்பார். "வீடு எங்கயும் ஓடாது. மொதல்ல இங்க என்ன பேசிக்கிறாங்கனு கேளுங்க" என்பார். பிறகு கொடியில் காயும் துணியைக் காட்டுவார், கிணற்றடியைக் காட்டுவார். அந்தத் தெருவில் ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்குத் தட்டு போகிறதா என்று பார்க்கச் சொல்வார். அதுதான் அவருக்கு முக்கியம்.

தட்டு என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தீபாவளிக்கு நம் வீட்டில் முறுக்கு, வடை செய்தால் ஒரு தட்டில் வைத்துத் துணி போட்டு மூடி அக்கம்பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். சித்திரையில் சிங்கள வீடுகளிலிருந்து கவும், கொக்கிஸ் என்று எண்ணெய்ப் பலகாரங்கள் வரும். பெருநாளைக்கு முஸ்லிம் வீடுகளிலிருந்து வட்டிலப்பம். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். "தட்டு வெறும போயிட்டா அந்த வீட்டோட குடுக்கல் வாங்கல் வழக்கு முடிஞ்சுதுனு அர்த்தம் முதலாளி" என்பார் புரோக்கர்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணமாகி, டவுனில் ஒரு அறை தேடியபோது யாரும் தரவில்லை. யுத்த காலம். தமிழ் ஆள் என்றால் வீட்டுக்காரர் பொலிஸில் போய்ப் பதிய வேண்டும், ஏன் வீண் தொல்லை என்று கதவைச் சாத்துவார்கள். அப்போது இந்தப் புரோக்கர்தான் என்னைப் பள்ளிவாசல் தெருவுக்குக் கூட்டிப் போய், ஒரு ஹாஜியாரின் முன்னால் நிறுத்தினார்.

"ஹாஜியார், இது நம்ம ஆளு."

ஹாஜியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்கட ஆளா? அப்ப கேள்வி என்னத்துக்கு. சாமானக் கொண்டு வாங்கொ" என்றார்.

அவ்வளவுதான். நான் யார், எவ்வளவு உழைக்கிறவன் என்று சொல்ல வாயெடுத்தேன். யாரும் கேட்கவில்லை. அன்றைக்கே எனக்குள் ஒரு முள் ஏறிவிட்டது. என் முதுகைக் காட்டி நான் வாங்க முடியாத நம்பிக்கையை இந்த மனிதர் "நம்ம ஆளு" என்ற இரண்டு சொல்லில் வாங்கிவிட்டார்.

அந்தத் தெருவில் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். என் மனைவியைக் கேட்டால் இன்றைக்கும் அதுதான் எங்கள் நல்ல காலம் என்பாள். நோன்பு மாதத்தில் கஞ்சி வரும், இவள் பொங்கல் கொடுத்து அனுப்புவாள். ஆனால் என் கண் வேறு இடத்தில் இருந்தது.

தோட்டத்தில் பிறந்தவனுக்கு ஒரு கணக்குத்தான் தெரியும். துரை பங்களா மேட்டில் இருக்கும். அதற்குக் கீழே கிளாக்கர் வீடு, அதற்கும் கீழே கங்காணி, எல்லாவற்றுக்கும் அடியில் சாக்கடைக் கானோரத்தில் லயம். உயரம்தான் மரியாதை என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, தினமும் அண்ணாந்து பார்த்தே படித்தோம். இரத்தினபுரியிலும் ஒரு மேடு இருந்தது. சிங்களத்தில் கந்த உட என்பார்கள், மலைக்கு மேலே என்று அர்த்தம். டாக்டர்கள், லோயர்கள், ஓய்வுபெற்ற பெரிய அதிகாரிகள் வீடுகள். மூட்டை தூக்கிய காலத்தில் அங்கே தகரம் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். பின்வாசலில் நிற்க வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு நாள் இதே மேட்டில் முன்வாசல் வைத்து வீடு கட்டி, இவர்கள் என் வீட்டுக்கு வந்து உட்காரும்படி செய்வேன் என்று அன்றைக்கு நினைத்தேன். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். வீடல்ல. அவர்கள் வந்து உட்கார வேண்டும்.

கடை பெருகிய பிறகு ஒரு நாள் புரோக்கரிடம் சொன்னேன்.

"யோவ், மேட்டுல ஒரு காணி வருதாம். முடிச்சுக் குடு."

வெற்றிலை மடித்த கை நின்றது. "அது ஒங்களுக்குச் சரிவராது அண்ணே" என்றார். ஆட்கள் முன்னால் முதலாளி என்பவர், தனியாக இருக்கையில் அண்ணே என்பார்.

"ஏன்? எனக்கு வசதி பத்தாதா?"

"வசதியைப் பத்தி யாரு பேசினா? அங்க தட்டு நடக்கிறதில்லண்ணே. மனுசங்க நல்லவங்க. ஆனா அவங்க அவங்க கேட்டுக்குள்ள நல்லவங்க. நீங்க அங்க போயி உக்காந்து யாரு வருவானு பாத்துக்கிட்டு இருப்பீங்க. அண்ணி பாவம்."

ஊரில் ஒரு தெருவையும் குறை சொல்லாதவர், நான் ஆசைப்பட்ட ஒரே இடத்தைக் குறை சொன்னார். எனக்கு உடனே விளங்கியது. பொறாமை. தனக்கு இல்லாதது எனக்குக் கிடைக்கப் போகிறதே என்ற பொறாமை. அவரைச் சேர்க்காமல் வேறொரு ஆளை வைத்து அந்தக் காணியை முடித்தேன். இரண்டு மாடி எழுப்பினேன். பளிங்குத் தரை போட்டேன். கேட்டில் பித்தளைப் பலகை அடித்து என் பெயரைப் பெரிதாகப் பொறித்தேன். அந்த மேட்டில் அவ்வளவு பெரிய பலகை வேறு வீட்டில் இல்லை. இப்போதும் இல்லை.

புதுமனை புகுவிழாவுக்குக் கடைத்தெருவே வந்தது. மேட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. பரவாயில்லை, அழைப்பு பிந்திப் போயிருக்கும் என்று நினைத்தேன். தீபாவளிக்கு என் மனைவி ஒவ்வொரு வீட்டுக்கும் தட்டு அனுப்பினாள். பின்னேரமே எல்லாத் தட்டும் திரும்பி வந்தன. நன்றாகக் கழுவி, துடைத்து, வேலைக்காரப் பெண்கள் கையில். வெறும் தட்டு.

என் மனைவி அவற்றை மேசையில் அடுக்கிவிட்டு நின்றாள். "பலகாரம் நல்லா இல்லையோ?" என்றாள்.

"அவங்க பழக்கம் அப்பிடி" என்றேன்.

"பழக்கம் இல்லீங்க. வழக்கு முடிஞ்சிருச்சு" என்று அந்தப் புரோக்கர் சொல்லையே சொல்லிவிட்டு உள்ளே போனாள். தொடங்காத வழக்கு எப்படி முடியும் என்று கேட்க நினைத்தேன்.

பக்கத்து வீட்டில் ஒரு நோனா, சிங்களப் பெரிய வீட்டு அம்மாள், இருந்தார். பெரிய பெண்கள் பள்ளிக்கூடத்தில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. காலையில் நான் கேட்டில் நின்றால் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். அதுதான் வணக்கம். அதற்கு மேல் வருஷக்கணக்கில் ஒன்றும் இல்லை. நானும் மதிலோரம் நின்று மழை, வெயில் என்று பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. "ஆம், முதலாளி" என்பார், போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் நின்று பார்க்கிறேன், மேட்டுப் பாதையில் கறுப்புக் குடை ஏறி வருகிறது. என்னிடம்தான் வருகிறார், பழையபடி சேர வருகிறார் என்று கீழே இறங்கினேன். குடை என் கேட்டைத் தாண்டிப் போனது. நோனா வீட்டுக் கேட் திறந்தது. கால் கழுவும் சத்தம், பிறகு அந்த இரண்டடி, பிறகு சிரிப்பு. அந்த அம்மாள் சிரிப்பார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மதிலுக்கு இந்தப் பக்கம் நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போல நின்றேன். ஊற்றுகிற அளவுக்குச் செடி இல்லை.

அவர் என் வீட்டுக்கு வந்தபோது வயிற்றைத் தடவிக்கொண்டு வந்தார்.

"சாப்பிடுங்க மாமா" என்று என் மனைவி இலை போட்டாள்.

"அய்யோ தாயி, நோனா பாற்சோறும் கட்ட சம்பலும் வச்சுட்டாங்க. மூச்சு விட எடமில்ல. ஒரு பிளேன் டீ போதும்."

நான் அடக்க முடியாமல் கேட்டேன். "இங்க தட்டு நடக்காதுன்னு சொன்னியே. ஒனக்கு மட்டும் எப்பிடி நடக்குது?"

"எனக்கு இங்க வீடு இல்லையே அண்ணே" என்றார், சிரித்துக்கொண்டே. "வீடு இருக்கிறவனைப் பாத்தா அவங்களுக்கு அளக்கத் தோணும். என்னை என்னத்துக்கு அளக்கிறது?"

வாய். அந்த வாய்தான் எல்லாம். அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு பெருவெள்ளம் வந்த வருஷம். மழை நாள்கணக்கில் விடவில்லை. மலைச்சரிவுகளில் அந்த மழை என்னென்ன செய்தது என்று ஊருக்குத் தெரியும், அதை எழுத எனக்கு மனமில்லை. டவுனில் முதலில் கான்களில் தண்ணீர் பின்னுக்கு வந்தது. நான் தோட்டத்துக்காரன், மழையின் குணம் தெரியும். சீமெந்தையெல்லாம் மேல்மாடிக்கு ஏற்றச் சொல்லிவிட்டேன். கடைத்தெருவில் என் கடை ஒன்றில்தான் நட்டம் குறைவு. காலையில் மேட்டிலிருந்து பார்த்தால் களு கங்கை ஊருக்குள் படுத்திருந்தது. ஆற்றோரத் தெரு இருந்த இடத்தில் கூரை முகடுகள் மட்டும்.

அந்தத் தெருவில்தான் புரோக்கர் ஒரு ஒற்றை அறையில் இருந்தார். ஊருக்கெல்லாம் வீடு பிடித்துக் கொடுத்தவர் தனக்குப் பிடித்தது அதுதான்.

பாதி மேடுவரை படகு வந்தது. ஆற்றோரத்துப் பையன்கள் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அதிலிருந்து குடையோடு இறங்கினார். இடுப்பளவு நனைந்திருந்தார். தோளில் ஒரு கோதுமை மா மூட்டைச் சாக்கு. கணகணவென்று சத்தம்.

"அண்ணே, நாலு நாளைக்கு எடம் தருவீங்களா?"

எனக்கு அந்தக் கணத்தில் வந்த சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. கடைசியில் இந்த மனிதர் என் வாசலில் நிற்கிறார். இனி மேட்டுக்காரர்களுக்கும் தெரியும், ஆபத்துக்கு இடம் கொடுத்தவன் யார் என்று. "நாலு நாள் என்ன, இருய்யா" என்று உரத்துச் சொன்னேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும் என்று.

என் மனைவி சாக்கை வாங்கப் போனாள். கொடுக்கவில்லை. தானே கூடத்து நடுவில் இறக்கி அவிழ்த்தார். தட்டுகள். எனாமல் தட்டு, பீங்கான் தட்டு, விளிம்பு நசுங்கிய அலுமினியத் தட்டு, கண்ணாடிக் கிண்ணம்.

"மாமா, ஒங்க உடுப்பெல்லாம்?"

"உடுப்பு ஆத்தோட போயிருச்சு தாயி. இது ஊரார் தட்டு. தனி ஆளு நான், என்னத்தை சமைச்சுப் போட்டுத் திருப்புறது? வாழைப்பழம், கித்துள் கருப்பட்டின்னு கையில ஏதாவது வந்தாத்தான் ஒவ்வொண்ணாக் கொண்டு குடுப்பேன். அதுக்குள்ள தண்ணி வந்துருச்சு. தட்டு போச்சுன்னா நாளைக்கு அந்த வீட்டுக்கு என்ன மூஞ்சியோட போறது?"

அவர் குரல் மதிலைத் தாண்டியிருக்க வேண்டும். சற்று நேரத்தில் என் கேட் திறந்தது. அந்த மழையில், குடை பிடித்துக்கொண்டு, பக்கத்து நோனா வந்தார். என் முன்வாசலால் வந்தார். எத்தனை வருஷமாக நான் காத்திருந்த வருகை அது. என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்தார். பளிங்குத் தரையைப் பார்க்கவே இல்லை. "அனே புரோக்கர் மாத்தயா!" என்று நேராக அவரிடம் போனார். அவர் நனைந்து நடுங்குவதைப் பார்த்து அந்த அம்மாளுக்குக் கண் கலங்கியது. தன் கணவருடைய சட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி வேலைக்காரப் பெண்ணை ஓட வைத்தார்.

அதற்குப் பிறகு என் வீடு தேர்த் திருவிழா ஆகிவிட்டது. எதிர்வீட்டு லோயர் வந்தார். வளைவில் இருந்த டாக்டரின் மனைவி தெர்மாஸில் சூப்போடு வந்தார். தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் ஹாஜியார் சோற்று அண்டாவோடு வந்து, "எங்கட ஊட்டுக்கு வராம இங்க வந்தீங்களே, எனக்குக் கோவம்" என்று அவரிடம் சண்டை பிடித்தார். எல்லோரும் என் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நான் ஆசைப்பட்டபடியே எல்லாம் நடந்தது. நான் தேநீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் நடந்தேன். ஒருவரும் என்னைத் தேடி வரவில்லை. பாதையில் வழி கேட்டவர்கள்கூடப் புரோக்கர் வீடு எது என்றுதான் கேட்டார்கள்.

ஒரு பின்னேரம் நோனா சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல காற்று வரும் இடம். நீங்கள்தானே பார்த்துக் கொடுத்திருப்பீர்கள் புரோக்கர் மாத்தயா? உங்கள் தேர்வு ஒரு நாளும் பிழையாகாது" என்று சிங்களத்தில் சொன்னார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. இந்த இடத்தை வாங்காதே என்று சொன்ன மனிதருக்கு இந்த வீட்டின் பெருமையும் போகிறதா?

புரோக்கர் வெற்றிலையை இறக்கி வைத்தார். "இல்ல நோனா. இது முதலாளி தானாப் பாத்து வாங்கினது. நான் வேணாம்னு தடுத்தேன். அவருதான் சரி, நான்தான் பிழை. பாருங்களேன், எத்தனை பேரு வந்து இருக்காங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

தோல்வியை அப்படி ஒருவர் ஒப்புக்கொண்டால் வென்றவனுக்குத்தானே மாலை விழ வேண்டும்? எல்லோரும் அவரையே பார்த்தார்கள். என்ன மனிதர் பாருங்கள் என்பது போல. லோயர் அவர் முதுகில் தட்டினார். என் வெற்றியையும் அவரே சாப்பிட்டுவிட்டார்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் நான் சொன்னேன், "கீழ் அறையை ஒனக்கே தர்றேன். இங்கேயே இருந்துரு." மனதார இரங்கித்தான் சொன்னேன். அவர் இருந்தால் அவர்கள் வருவார்கள் என்பதும் மனதில் இருந்தது.

"வேணாம்ணே. இருந்துட்டா எனக்கும் ஒரு வீடு ஆயிரும்" என்றார்.

தண்ணீர் வடிந்ததும் சேறு கழுவப் போய்விட்டார். போகும்போது தட்டுகளைச் சாக்கில் கட்டினார். ஒன்றை மட்டும் வெளியே வைத்தார். நீலக் கரை போட்ட பீங்கான் தட்டு. பக்கத்து நோனாவுடையது.

"தாயி, இதை நீங்க கொண்டு குடுங்க. என் பேரைச் சொல்லிக் குடுங்க. வெறுமையாக் குடுக்காதீங்க."

என் மனைவி அன்றைக்கே உளுந்து ஊறப் போட்டாள். சுடச்சுட வடை வைத்து, மூடி, மதிலைச் சுற்றிப் போனாள். திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உள்ளே உட்கார வைத்துப் பேசினார்களாம். அடுத்த வருஷச் சித்திரைக்கு அதே தட்டு கவும் நிறைந்து எங்கள் வீட்டுக்கு வந்தது. பிறகு லோயர் வீட்டுத் தட்டு. பிறகு டாக்டர் வீட்டுத் தட்டு. மேட்டில் தட்டு நடக்கத் தொடங்கிவிட்டது. என் மனைவி முகம் தெளிந்தது. எனக்கும் கவும் பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தட்டைக் கொண்டுவரும் பெண் ஒவ்வொரு முறையும் கேட்டில் நின்று ஒரே வார்த்தைதான் சொல்வாள். "புரோக்கர் மாத்தயாவுக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்கச் சொன்னார் நோனா."

சில வருஷங்களில் அவர் போய்ச் சேர்ந்தார். நெஞ்சு வலி. ஆற்றோரத்து அறையிலேயே. எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் அவர் தெருவில் வெள்ளைக் கொடி கட்டுவார்கள். இவருக்கு எது தெரு என்று ஒருவருக்கும் தெளிவில்லை. ஆற்றோரத்திலும் கட்டினார்கள், பள்ளிவாசல் தெருவிலும் கட்டினார்கள், புதிய டவுன்காரன்கூடக் கட்டினான். மேட்டிலும் கட்டினார்கள். ஒரு மூலையை என் கேட்டில், பித்தளைப் பலகைக்கு மேலே முடிந்தார்கள். கொடி காற்றில் விழுந்து என் பெயரை மூடி மூடித் திறந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. எனக்கு எந்தத் தெருவில் கட்டுவார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

யுத்தம் முடிந்த வருஷம் கஹவத்தையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மழை. முச்சக்கர வண்டி ஒன்றில் ஏறினேன். ஓட்டியவன் நம் தோட்டத்து இளைஞன், டவுனுக்குப் புதிது.

"எங்கங்க ஐயா?"

என் பெயரைச் சொன்னேன். விழித்தான். கடையின் பெயரைச் சொன்னேன். "அந்தக் கடை தெரியும், வீடு தெரியாதுங்க" என்றான். மேட்டுப் பாதையில் இரண்டாவது வளைவு, இரண்டு மாடி, பித்தளைப் பலகை என்றேன். தலையைச் சொறிந்தான். பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹோர்ன் அடித்தான். மழை உள்ளே அடித்தது.

"புரோக்கர் வீடு" என்றேன்.

"அட, அதை மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா!" என்று வண்டியைக் கிளப்பினான். ஏற்றத்தில் வண்டி முனகியது. கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டான். "அவரு டவுன்ல எங்க சித்தப்பாவுக்கு வீடு பாத்துக் குடுத்தவருங்க. நீங்க அவருக்குச் சொந்தமா?"

"இல்லப்பா" என்றேன். "நான் அங்க குடியிருக்கேன்."